ஹெக்டர் ஒன்றில் ராஜா

பெப்ரவரி 8, சனி

விடியற்காலைப் பனி. மடுல்சீமையிலிருந்து முதல் பஸ், கடைசி சீட். எலும்பெல்லாம் குலுங்கியது. பசறை தாண்டிய பிறகுதான் காது அடைப்பு விட்டது.

என் பொறுப்பிலுள்ள தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை இரண்டு நாளும் பக்கத்து டிவிசன் டீச்சர் பார்த்துக்கொள்கிறார். பதினொரு குழந்தைகள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஆறரைக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பால்மா டின் எங்கே என்று எழுதி வைத்தேன். மாற்றுத் துணி எங்கே என்று எழுத மறந்தேன்.

பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் செஸ் போட்டி. முப்பது பேர். இன்றும் நாளையுமாக ஐந்து ரவுண்ட். முதல் ஆறு பேர் மாகாண அணியில், கொழும்புக்கு. அந்த ஆறுக்குள் வரும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை என்று ரவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். கட்டிய புருஷனிடம் காலையிலேயே பொய்.

ரவுண்ட் 1: வெற்றி.
ரவுண்ட் 2: தோல்வி. பண்டாரவளைப் பள்ளிக்கூடப் பெண், பன்னிரண்டு வயது இருக்கும். ஆட்டம் முழுக்க உப்பு மாங்காய் தின்றாள்.
ரவுண்ட் 3: வெற்றி. எதிராளிக்குத் தடிமன், தும்மிக்கொண்டே இருந்தார், அதனாலும் இருக்கலாம்.

இன்று பார்த்ததில் மறக்க முடியாதது நடு மேசை. ஒரு மேசையில் இரண்டு பலகை. ஒன்று எல்லோருடையதும் போல. மற்றது சின்னது, கட்டத்துக்கு ஒரு துளை, ஒவ்வொரு காயின் அடியிலும் ஆணி. அதன் மேல் ஒருவருடைய பத்து விரல்களும் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தன. ரிஸ்வான் என்று பெயர். நாற்பது, நாற்பத்தைந்து. பதுளையில் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் ஒப்பரேட்டராம். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. மூன்றில் இரண்டு வென்றிருக்கிறார்.

கேட்க ஆசை (கேட்க முடியாது):
– வெள்ளைக் காயும் கறுப்புக் காயும் விரலுக்கு எப்படித் தெரிகிறது? (பிறகு பார்த்தேன்: கறுப்பின் தலையில் ஒரு சின்ன முள்.)
– தொட்ட காயை ஆட வேண்டும் என்கிறது சட்டம். அவர் எல்லாவற்றையும் தொடுகிறாரே? (நடுவரிடம் கேட்டேன். துளையிலிருந்து பிடுங்கினால்தான் தொட்ட கணக்கு.)
– மனதுக்குள் பலகை எந்தப் பக்கத்திலிருந்து தெரியும்? மேலிருந்தா?

நாத்தனார் வீட்டில் தங்கல். மீன் குழம்பு. ராத்திரியெல்லாம் நுளம்புக்கடி.


பெப்ரவரி 9, ஞாயிறு

நல்ல வெயில். ரவுண்ட் 4 வெற்றி. மூன்று புள்ளி!

ரவுண்ட் 5 பட்டியல் ஒட்டினார்கள். வெள்ளை நான். கறுப்பு ரிஸ்வான். அவருக்கும் மூன்று புள்ளி. வெல்பவருக்குக் கொழும்பு.

நடுவர் ஒரு சிங்களப் பெண்மணி, தமிழும் நன்றாகப் பேசுவார். என்னிடம் ஒரு தாளைத் தந்தார். "காய் நகர்த்தினா வாயால சொல்லணும். அவரும் சொல்வார். இங்கிலீஷ் எழுத்து ஒன்னு மாதிரி ஒன்னு கேக்கும், அதனால இந்தப் பேர். ரெண்டு பலகையும் ஒத்துப்போகலன்னா உடனே கையத் தூக்குங்க."

எட்டு வரிசைக்கு எட்டுப் பெயர்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபீலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். உலகம் முழுக்க இதேதானாம். யார் இந்த எட்டுப் பேர்? எங்கள் லயத்து வீடுகளில் ஒருவரும் இல்லை.

நான் வழக்கமாகத் தொடங்குவது இத்தாலியன். அமைதியானது, கலவரம் இல்லாதது. இன்று போட்டது கிங்ஸ் காம்பிட். ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை இரண்டாவது நகர்விலேயே சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த வாசல் வழியாகத் தாக்கப் போவது. நானும் ராஜாவைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். போட்டியில் ஒருநாளும் போட்டதில்லை. ஏன் போட்டேன் என்று இங்கே மட்டும் எழுதலாம். காய்கள் மூலைக்கு மூலை சிதறினால், கண் தெரியாதவர் குழம்புவார் என்று.

"ஈவா நாலு."

"ஈவா அஞ்சு."

"ஃபீலிக்ஸ் நாலு."

அவர் முகம் மலர்ந்தது. "ஓ. வாங்க, வாங்க," என்றார், வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி.

சிப்பாயை எடுத்துக்கொண்டார். குதிரையை வெளியே விட்டேன். "டேவிட் அஞ்சு." யோசிக்கவே இல்லை. பதினோராவது நகர்வு வரை அவர் கடிகாரத்தில் மூன்று நிமிஷம்கூடக் குறையவில்லை. என்னுடையதில் இருபத்தாறு. குழம்பியது நான்.

பதினாறாவது நகர்வு. ராஜாவை குஸ்தாவ் ஒன்றிலிருந்து மூலைக்கு, ஹெக்டர் ஒன்றுக்கு நகர்த்தினேன். விரலை எடுத்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய பிஷப் சீசர் ஆறுக்கு வந்தால் ஒரே கோட்டில் என் ராணி, பின்னால் ராஜா. ராணி கட்டுண்டுவிடும்.

அவர் "ஹெக்டர் ஒன்னு" என்று திருப்பிச் சொன்னார். தன் பலகையில் என் ராஜாவைப் பிடுங்கினார். அந்த நேரம் பார்த்து மைக். "சோத்துப் பார்சல் வந்திருச்சு, ஆட்டம் முடிஞ்சவங்க மட்டும் சத்தம் போடாம வரவும்." சத்தம் போட்டதே அந்த மைக்தான். ரிஸ்வான் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். கையிலிருந்த ராஜாவைத் திரும்பவும் குத்தினார். பழைய துளையிலேயே. குஸ்தாவ் ஒன்றில்.

பார்த்தேன்.

கையைத் தூக்கவில்லை.

ஆறு நிமிஷம் யோசித்தார். ஆறு நிமிஷமும் என் கை என் மடியில்தான் இருந்தது. தூக்கிவிடலாம், தூக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன் என்று எழுதலாம். உண்மை அது இல்லை. சீசர் ஆறு வேண்டாம், சீசர் ஆறு வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"ராணி சீசர் அஞ்சு."

அவர் பலகையில் அது அருமையான நகர்வு. ராஜாவுக்குச் செக், கூடவே காவலில்லாத என் பிஷப் விழும். உண்மையான பலகையில் செக்கே இல்லை. அவருடைய ராஜாவுக்குக் காவலாக நின்ற ராணி இடத்தை விட்டுப் போனதுதான் மிச்சம்.

"பிஷப் ஃபீலிக்ஸ் ஏழு. சிப்பாய் வெட்டு. செக்."

"இல்லையே மிஸ்," என்றார் மெதுவாக. "உங்க ராஜால்ல செக்ல நிக்குது."

நடுவர் வந்தார். நகர்வுகளை எழுதிய என் தாளைப் பார்த்தார். ரிஸ்வான் தன் குரலில் நகர்வுகளைப் பதிந்து வைக்கும் சின்ன மெஷினைக் கேட்டார். இரண்டிலும் ஹெக்டர் ஒன்று. ராணி நகர்வு நகர்ந்ததுதான், மாற்ற முடியாது. ரிஸ்வானின் விரல் மூலைத் துளைக்குள் போய்ப் பார்த்தது. வெறும் துளை. பக்கத்தில் ராஜா. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"சரி. என் கைப் பிழை."

கோட்டையால் வெட்டினார், ராணியால் வெட்டினேன். கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். எனக்குச் சற்றுத் தள்ளி நீட்டினார். எட்டிப் பிடித்தேன்.

நான் ஆறாவது. அவர் ஏழாவது.

வாசலில் அவருடைய மனைவி த்ரீவீலருடன். "என்னாச்சு?"

"ஒரு ராஜா காணாமப் போச்சு," என்றார் அவர்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பசறை வரை ஒன்றும் பார்க்கவில்லை.


பெப்ரவரி 10, திங்கள்

ரவி ஃபெக்டரியில் மெக்கானிக். ராத்திரி ஷிப்டிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி வேலைக்குப் பெயர் கூப்பிடும் முன்னால் என் பெயரைச் சொன்னாராம். பெண்கள் கை தட்டினார்களாம்.

பத்து மணிக்குத் தோட்டத்து மேனேஜர், தொரையே, பிள்ளைக்காம்பராவுக்கு வந்து கை கொடுத்தார். கொழும்புக்கு லீவு உண்டு. குழந்தைகள் அவர் காலிலிருந்த பெரிய சப்பாத்தைப் பார்த்து அழுதன.

ரவி சாயந்தரம் ரொட்டி சுட்டார். ஒரு வருஷத்தில் இரண்டாவது முறை.

"கண்ணு தெரியாதவருன்னா எப்படி வெளாடுவாரு?"

"ஞாபகம். விரல்."

"நீ எப்படி ஜெயிச்ச?"

"அவரு ஒரு காய எடம் மாத்திக் குத்திட்டாரு."

"அது அவரு பிழைதானே."

"ஆமா."

இரண்டு ரொட்டிக்கு மேல் இறங்கவில்லை.


பெப்ரவரி 11, செவ்வாய்

மூடுபனி மத்தியானம் வரை.

குழந்தைகள் தூங்கிய நேரம் ஆட்டத்தை போனில் போட்டுப் பார்த்தேன். பதினாறாவது நகர்வுக்குப் பிறகு கறுப்புக்கு எது நல்லது? போன் ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. பிஷப் சீசர் ஆறு. கறுப்பின் கை ஓங்கும் என்கிறது.

பிறகு ஒரு சோதனை. பலகையை வைத்துக் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அதே ஆட்டத்தைத் தடவித் தடவி. நான்காவது நகர்வில் எது பிஷப், எது சிப்பாய் என்று தெரியவில்லை. ஏழாவதில் குதிரையையே தட்டிவிட்டேன். துணியை அவிழ்த்தால் ஒரு சிப்பாய், எழுந்து வந்த ஒரு குழந்தையின் வாயில். விரலை விட்டு எடுத்தேன். கடித்துவிட்டாள்.

கண்ணைக் கட்டியதும் எனக்கு இருட்டுத்தான் வந்தது. அவருக்கு என்ன வருகிறது? இருட்டு என்றுகூட ஒன்று இருக்குமா?

இதைக் கேட்கத்தான் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை, இதைக் கேட்க இல்லை. நடுவருக்கு போன் பண்ணி அவருடைய நம்பர் வாங்கினேன். ஏன் என்று கேட்டார். "ஆட்டத்தப் பத்திப் பேசணும் மிஸ்." இதுவும் பொய் இல்லை.

நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. பிள்ளைக்காம்பரா மூடல்.


பெப்ரவரி 12, புதன், போயா

பதுளை பஸாருக்குப் பின்னால் ஒரு இரும்புக்கடை, அதற்கு மேல் மாடி வீடு. ரிஸ்வானின் அண்ணன் கடை. படியில் ஏறும்போதே உள்ளேயிருந்து, "மடுல்சீமை மிஸ்ஸா? வலது கால ஊன்றி ஏறுறீங்க" என்றார். (உண்மை. சின்ன வயதில் இடது கால் முறிந்தது.)

அவருடைய மனைவி ஷிபானா தட்டில் பிளேன்டி, பால் விடாத தேநீர், கொண்டுவந்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் வாயில் வந்தது.

"நானா, நீங்க ராஜாவ மாத்திக் குத்தினத நான் பார்த்தேன்."

"எப்ப?"

"குத்தினப்பவே."

ஷிபானாதான் சொன்னார். "நாலு மாசம். வேல முடிஞ்சு வந்து ஒவ்வொரு நாளும் பாடம் பண்ணினாரு. நான் வாசிக்க, அவரு கேக்க. கண்ணு இருக்கிற நீங்க பார்த்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"ஆமா."

"ஆமாங்கிறாங்க," என்றார் கணவரிடம். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குசினியில் பாத்திரம் வைக்கும் சத்தம் கீழே கடை வரை கேட்டிருக்கும்.

ரிஸ்வான் நானா யோசித்துக்கொண்டிருந்தார். கோபமா என்று முகத்தில் தேடினேன். தெரியவில்லை.

"அந்த ஆறு நிமிஷம். அதுக்கு முன்னால உங்க நாற்காலி ஓயாம கிறீச் கிறீச்னு கேட்டுச்சு. திடீர்னு நின்னுபோச்சு. மூச்சுகூட இல்ல. நீங்க பயந்துட்டீங்க, அப்ப எங்கயோ நல்ல அடி ஒன்னு இருக்குன்னு நெனச்சேன். தேடினேன். அந்தச் செக் கெடச்சுது. உங்க பயம் சரிதான். எதுக்குப் பயந்தீங்கன்னுதான் நான் தப்பாப் புரிஞ்சுகிட்டேன்."

"உங்களுக்கு ஹெக்டர் ஒன்னுன்னு ஞாபகம் இல்லையா? வாயால சொன்னீங்களே."

"மனசுல அங்கதான் நின்னுச்சு. விரல் வேற சொல்லிச்சு. நான் விரல நம்பினேன். இவ்வளவு காலமா அதத்தானே நம்புறேன்."

மனதில் பலகை எப்படி இருக்கும் என்று கேட்டேன். கேட்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியாமலே.

"கரண்ட் போனா உங்க குசினியில உப்பு எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பார்த்தா தெரிஞ்சுக்கிறீங்க? அது அங்க இருக்கு, அவ்வளவுதான். அப்படித்தான்."

இப்போது அவர் முறை. "ஏன் அந்த காம்பிட் போட்டீங்க? சனிக்கிழமை நீங்க வேற மாதிரில்ல வெளாடினீங்க. ஆட்டம் முடிஞ்சு நீங்க பேசினத பக்கத்து மேசையிலேருந்து கேட்டேன்."

சொன்னேன். குழம்புவார் என்று நினைத்ததை, அப்படியே.

சத்தம் போட்டுச் சிரித்தார். ஷிபானா எட்டிப் பார்த்தார். "இவங்களும் அதுக்குத்தானாம்!" என்றார் அவரிடம். பிறகு என்னிடம், "என்னோட வெளாடுறவங்க பாதிப்பேர் அதத்தான் போடுறாங்க. எல்லாத்தையும் சிதறவிட்டா எனக்குத் தல சுத்தும்னு. அதனால நான் அதிகமாப் படிச்சது அது ஒன்னுதான். என் கையால ஒருநாளும் போட்டதில்ல. ஆனா எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதான்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இப்ப வேணாம். உண்மையா வருதான்னு எனக்கும் தெரியல. காய அடுக்குங்க. பதினாறாவது நகர்வு. ராஜாவ நீங்களே குத்துங்க."

அவருடைய பலகையில் என் ராஜாவை ஹெக்டர் ஒன்றில் குத்தினேன். ஆணி இறங்கும்போது ஒரு சின்ன டக். அவர் அதைக் கேட்டார். தொட்டுப் பார்த்தார்.

"பிஷப் சீசர் ஆறு."

ஒரு விநாடி. போனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் எடுத்தது.

இரண்டு மணி நேரம் போராடினேன். நடுவில் ஒரு இடத்தில் டிரா வரும் போல இருந்தது, உண்மையிலேயே வரும் போல. அவர் நெற்றியில் வேர்வை. ஷிபானா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கோபம் போகாமலே. நாற்பத்திரண்டாவது நகர்வில் தோற்றேன்.

"இது ஒரு கணக்குலயும் வராது," என்றார். "ஆனா எனக்கு வேணும்."

"நான் அணியிலேருந்து வெலகுறேன் நானா."

"அது உங்க இஷ்டம். எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா நான் போகமாட்டேன்."

நாலு மணி பஸ். படி இறங்கும்போது ஷிபானா, "மழ வரும், கொடை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.


பெப்ரவரி 13, வியாழன்

ஒன்றும் செய்யவில்லை. கொழும்பு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். பெரிய மண்டபம், நூறு மேசை, நூறு கடிகாரம். பக்கத்து மேசைகளில் என்னென்ன ஓப்பனிங் போடுவார்கள் என்று எழுந்து நடந்து பார்க்கலாம். போக ஆசை. எழுதினாலும் குறையவில்லை.

அரிசி 5 கிலோ, பெட்டரி, சவர்க்காரம்.


பெப்ரவரி 14, வெள்ளி

நடுவருக்கு மெசேஜ் அனுப்பினேன். ஐந்து தடவை அழித்து எழுதியது. கடைசியில் இவ்வளவுதான்: பதினாறாவது நகர்வில் அவருடைய பலகையில் ராஜா இடம் மாறியதை நான் அப்போதே பார்த்தேன். கையைத் தூக்கவில்லை. என் பெயரை அணியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து போனில் கூப்பிட்டார். "முடிவு கையெழுத்தாயிட்டுது. புள்ளிய மாத்த ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்க, பேர எடுக்கட்டுமா?"

"எடுங்க மிஸ்."

"நான் அந்த மேசை பக்கமே நின்னிருக்கணும்," என்றார். "மைக் சத்தத்துக்கு நானும் அந்தப் பக்கம்தான் பார்த்தேன்."

ரவியிடம் சொன்னேன். "ரொட்டி சுட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.


பெப்ரவரி 16, ஞாயிறு

மத்தியானம் ரிஸ்வான் நானா போன்.

"ஏழாவது ஆள் போகணும்னு சொல்றாங்க. ஆறாவது ஆள் வரலையாம்."

"ஆமா நானா."

"ஏன்னு கேட்டேன். சொந்தக் காரணம்னாங்க. சரி." இருமினார். "நான் வச்சிர்றேன். ஷிபானா பெட்டி அடுக்குறா. எனக்கு எது வேணும்னு என்கிட்டயே கேக்காம."

பின்னால் ஷிபானாவின் குரல்: "ஸ்வெட்டர் எதுக்கு, கொழும்புல வேகும்!"

வைத்துவிட்டார். சந்தோஷமா, கோபமா? குரலில் இரண்டும் இருந்தது. அவராக இருந்தால் எது எவ்வளவு என்று கேட்டே சொல்லியிருப்பார். எனக்கு அந்தக் காது இல்லை.


பெப்ரவரி 17, திங்கள்

குளிர். ஆறேகாலுக்கே செல்வி வந்துவிட்டார், ஏழு மாதக் குழந்தையுடன். பெரட்டில் கை தட்டியவர்களில் ஒருவர்.

"டீச்சர், கொழும்புக்கு என்னைக்கு?"

"போகல செல்வி."

"ஏன், தொரை லீவு தரலையா?"

இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண் தெரியாத ஒருவர் காயை இடம் மாற்றி வைத்தார், நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்து ஜெயித்தேன். மூன்று வரியில் முடிந்துவிட்டது. ஒரு வாரமாக அவ்வளவு பெரிதாக இருந்தது, வாயால் சொன்னால் மூன்று வரி.

செல்வி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். என் முகத்தைப் பார்த்தார். நான் வாசலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்தேன்.

"அந்த மனுசனுக்கு இது தெரியுமா?"

"தெரியும். சொன்னேன்."

"போன்லயா, நேர்லயா?"

"நேர்ல."

"வஞ்சாரா?"

"அவரு வையல. அவரு பொஞ்சாதி வஞ்சாங்க."

"வையணும்ல," என்றார் செல்வி. குழந்தையை என் கையில் வைத்தார், தலையை என் முழங்கையில் சரியாக வைத்துவிட்டு. "பல்லு மொளைக்குது டீச்சர், எதையும் வாயில வைக்க விடாதீங்க. கஞ்சி பத்து மணிக்கு."

கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்.